பெரிய வெள்ளியன்று விழுந்த ஓட்டு

என் சித்தி மகள் கிருபாவதி புனே பக்கம் கட்கியிலேயே பிறந்து, கட்கியிலேயே வாழ்க்கைப்பட்டவள். நாசரேத்திலிருந்து வெடிமருந்து பாக்டரி வேலைக்கு ரயிலேறினவர் அவள் அப்பா. அவள் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

தொண்ணூற்றொன்பது. டில்லியில் மெஜாரிட்டி இல்லாத சர்க்கார் ஆடிக்கொண்டிருந்த நேரம். கிருபாவின் குடியிருப்புக் கமிட்டியிலும் அதே கூத்துதான். தலைவர் காளேயைச் சேர்த்து ஐந்து பேர், எதிரணி ஜக்தாப்பைச் சேர்த்து ஐந்து பேர், நடுவில் இவள் ஒருத்தி. பின்வரிசையில் தமிழ் வீடு எட்டு; ஏழு கிறிஸ்தவ வீடு, ஒன்று முகமது ரஃபீக் வீடு. எட்டுக்கும் சேர்த்து ஒரு குழாய்கூடக் கிடையாது. குழாய் போட்டுத் தருகிறேன் என்று சொல்லித்தான் காளே இவள் ஓட்டில் தலைவரானார். இரண்டு வருஷம் குடம் சுமந்து இடுப்பு போனதுதான் மிச்சம். "ஆதரவு வாபஸ்!" என்றாள்.

காளே லேசுப்பட்டவரா? தலைவரை மாற்ற ஓட்டெடுக்கும் சனிக்கிழமைக் கூட்டத்தைப் பெரிய வெள்ளி மத்தியானத்துக்கு மாற்றிவிட்டார். பன்னிரண்டிலிருந்து மூன்று வரை நம்மவர்கள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கோயிலில் இருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். இவள் வராமல் ஐந்துக்கு ஐந்து என்று நின்றால் தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டு.

பாதிரி ஐயர், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் ஐந்தாவதான 'தாகமாயிருக்கிறேன்' என்பதைப் பற்றிப் பிரசங்கித்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் ரஃபீக் தலை!

"கிருபாக்கா! கை தூக்கப் போறாங்க, ஓடி வாங்க!"

கிருபா ஐயரைப் பார்த்தாள். "போ தாயி, ஆறாம் வார்த்தைக்குள்ள வந்துரு" என்றார் அவர்.

வெள்ளைச் சேலையைச் சொருகிக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினாள். பறந்தான் ரஃபீக்.

இவள் கூட்டத்துக்குள் நுழைந்ததும் காளே முகம் செத்துப்போயிற்று. "வா தாயீ, முதலில் தண்ணீர் குடி."

"இன்னைக்குக் குடிக்க மாட்டேன் சாஹேப். எங்க வரிசைக் குழாயில குடிச்சுக்கிடுதேன்."

ஜக்தாப் சிரித்தார். கிருபா அவரையும் விடவில்லை. "எட்டு வீட்டுக்கும் பொதுக் குழாய்னு கமிட்டிப் புஸ்தகத்துல எழுதுங்க. எழுதுறவருக்குத்தான் என் கை."

"ஒரு ஓட்டுக்கு இத்தனை திமிரா?" என்றார் காளே.

"அந்த ஒண்ணு இல்லாமத்தான உங்க நாற்காலி ஆடுது?"

ஜக்தாப் பேனாவைப் பிடுங்கி எழுதினார். அவர் பக்கத்து ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அப்புறம்தான் இவள் கை மேலே போயிற்று. ஆறு! வாசலில் ரஃபீக் விசிலடித்தான்.

ஈஸ்டர் கழிந்த புதன்கிழமை குழாய் புஸ்ஸென்று காற்று விட்டு, துரு கக்கி, தண்ணீர் கொட்டியது. முதல் குடத்துக்கு அடிதடி.

"நாங்க ஏழு வீடு, அவன் ஒரு வீடுதான" என்றாள் பக்கத்து வீட்டு ஜெரால்டின்.

"அதுக்கு? ரஃபீக்கு, உன் குடத்தை வையிடே!" என்றாள் கிருபா.