எலும்பில் களவு போன கால்சியம்

போன வாரம் மந்தாரக்குப்பத்தில் காய்கறி வாங்கப் போனேன். கடைக்காரம்மா என் கழுத்துத் தழும்பைப் பார்த்ததும் தராசைக் கீழே வைத்துவிட்டார்.

"அய்யய்யோ... சங்கிலிய அறுத்துகினு பூட்டானுங்களா?"

"இல்லைங்க, ஆபரேஷன்" என்று முணுமுணுத்துவிட்டுக் கத்தரிக்காய் பொறுக்கக் குனிந்துகொண்டேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. எழுதுவது சுலபம். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

இரண்டு வருஷமாகவே உடம்பு படுத்தியது. சிறுநீரகத்தில் கல் இரண்டு தடவை வந்தது. இடுப்பு, முழங்கால் எல்லாம் வலி. எதை எடுக்க அறைக்குள் வந்தேன் என்று மறந்துபோய் நிற்பேன். "வயசாகுதுல்ல?" என்றார் என் கணவர். அவர் என்னைவிட எட்டு வயது பெரியவர்!

எங்கள் கம்பெனி டவுன்ஷிப்பில் ஒரு பழக்கம். கம்பெனி ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம். மிஞ்சியதெல்லாம் ஒவ்வொரு குவார்ட்டர்ஸிலும் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கும். காபிப்பொடி கேட்பதுபோல மாத்திரையும் கேட்டு வாங்கிக்கொள்வோம். பக்கத்து வீட்டு லூர்து அக்கா, மகளின் பிரசவத்தில் மிஞ்சிய கால்சியம் மாத்திரைகளை அள்ளிக் கொடுத்தார்.

"எலும்பு வலிதானே? வேளைக்கு ரெண்டு போட்டுகினு வா புள்ள."

போட்டேன்... மாதக்கணக்கில்.

அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு லேடி டாக்டர் வந்தார். ரத்தப் பரிசோதனை செய்தார். கால்சியம் எக்கச்சக்கம்.

"வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். லூர்து அக்காவை யாராவது விசாரித்தால்?

"கல்லு, வலி, மறதி எல்லாத்துக்கும் ஒரே காரணம் இருக்கலாம்மா. கழுத்துல தைராய்டுக்குப் பின்னால பருப்பு அளவுல நாலு சுரப்பி இருக்கு. பாராதைராய்டுன்னு பேரு. அதுல ஒண்ணு அளவுக்கு மீறி வேலை செஞ்சா, எலும்புல இருக்கற கால்சியத்தை உருவி ரத்தத்துல விட்டுடும். அப்படியே விட்டா எலும்பு நொறுங்கும், கிட்னியும் கெடும். மெட்ராஸுக்கு எழுதித் தரேன். கழுத்துல ஆபரேஷன் பண்ண வேண்டியிருக்கும்."

சீட்டை வாங்கிக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டேன். அங்கேதான் ஒரு யோசனை வந்தது. மாத்திரையால் ஏறிய கால்சியமாக இருந்தால்... கழுத்தை வீணாக அறுப்பார்களே!

திரும்பிப் போனேன். தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

டாக்டர் பேனாவை மூடினார். "இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன? நாலு வாரம் மாத்திரையைத் தொடக் கூடாது. மறுபடி டெஸ்ட் பண்ணுவோம்."

அந்த நாலு வாரமும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. சுரப்பியா, மாத்திரையா?

நாலு வாரம் கழித்தும் கால்சியம் இறங்கவில்லை. எக்ஸ்ரேயில் விரல் எலும்புகள் அரித்துப்போயிருந்தன. "இப்ப சந்தேகமே இல்லை, சுரப்பிதான்" என்றார் டாக்டர். நம்புவீர்களா, எனக்கு நிம்மதியாக இருந்தது. எதற்கு அறுக்கிறார்கள் என்று தெரிந்து படுப்பது வேறு அல்லவா?

மெட்ராஸில் ஒரு சுரப்பியை எடுத்தார்கள். வேர்க்கடலை அளவுக்குப் பெருத்திருந்ததாம். மற்ற மூன்றும் ஒழுங்காக இருக்கின்றன. இப்போது வலி பாதிக்கு மேல் குறைந்துவிட்டது.

லூர்து அக்காவுக்குத்தான் கோபம். "எம் பேரச் சொல்லிட்டியாமே?"

"பேரைச் சொல்லலைக்கா. பக்கத்து வீட்டுலன்னுதான் சொன்னேன்."

"உன்னுது கடைசி குவார்ட்டர்ஸ்! உனுக்குப் பக்கத்து வூடு என்னை வுட்டா வேற யாருடி?" என்று கத்தியவர், தானே சிரித்துவிட்டார்.

டாக்டரிடம் கூச்சப்படுங்கள், தப்பில்லை... வாசல் வரைக்கும் மட்டும்!