கடைக் கம்ப்யூட்டர் ஹலோ சொன்ன நாள்

சிங்களவர் அதிகமுள்ள ஓப்பநாயக்க பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். அன்று டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், பில் போடும் கம்ப்யூட்டரின் திரை முழுக்கக் கறுப்பு. அதில் இங்கிலீஷில் ‘ஹலோ, வேர்ல்ட்’ என்று ஒரேயொரு வரி. எவனோ திருடன் கம்ப்யூட்டருக்குள் புகுந்துவிட்டான் என்று நினைத்தேன். பிளக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு, “ஹொரு! ஹொரு!” என்று சிங்களத்தில் அலறினேன். திருடன் என்று தமிழில் கத்தினால் இந்த பஜாரில் எத்தனை பேர் வருவார்கள்?

எதிர்க்கடைச் சிங்களவர் பண்டா மாத்தயா உலக்கையோடு ஓடிவந்தார்; கூடவே பஜார் ஆட்களும். பின்னால் என் மனைவி.

“ஐயோ, புடுங்கிட்டீங்களா? அது நான் எழுதுன மொத புரோகிராம்ங்க! ஒங்களுக்குக் காட்டத்தான் வச்சிருந்தேன்.”

போனில் பார்த்துப் பார்த்தே படித்திருக்கிறாள்.

“புதுசா படிக்கிறவங்க மொதல்ல இதத்தான் எழுதுவாங்க. அமெரிக்காவுல ஒருத்தரு பாடத்துல எழுதி வச்ச வழக்கம். முட்டைய ஒடச்சி வர்ற கோழிக்குஞ்சு ஹலோ சொல்ற கார்ட்டூன் அவரு ஞாபகத்துல இருந்திச்சாம்.”

“அப்ப மொதலாளி, கோழிக்குஞ்ச அடிக்கவா என்னயக் கூப்பிட்டீங்க?” என்றார் மாத்தயா.

எல்லாரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. ஊரைச் சிரிக்க வைக்கிறவன் என்று எனக்குப் பெயர்; வீட்டில் ஒருத்தி ஆசையாய்ச் செய்ததைப் பார்த்துத் திருடன் என்று அலறியிருக்கிறேன்.

“இன்னொருக்கா எழுது புள்ள” என்றேன்.

அந்த வரி மறுபடி வரும்வரை பிளக்கைச் சுவரோடு அழுத்திப் பிடித்தபடி நின்றேன்.