இலக்கியாவுக்குத் துணைக்குப் போனவன்

வல்லத்திராக்கோட்டையில் எழிலரசனைப் போலப் பக்தியுள்ள பிள்ளை கிடையாது என்று பேர். பத்தாம் வகுப்புக்கு ஒரு மொட்டை, பதினொன்றுக்கு ஒரு மொட்டை, பிளஸ் டூவுக்கு இன்னொன்று. பெண்பிள்ளை கிராப்பு வெட்டினால் ஊர் கேள்வி கேட்கும். சாமிக்கு முடி கொடுத்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அவன் முடி தோளைத் தொட்டதே இல்லை.

தான் பையன் என்பது அவனுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். திருநம்பி என்ற சொல்லைப் பிற்பாடுதான் போனில் படித்தான். எழிலரசன் என்பது அவனே வைத்துக்கொண்ட பெயர். வீட்டில் கூப்பிடும் பெயர் வேறு. அது அவனுக்குப் பிடிக்காது, நமக்கும் வேண்டாம். எழில் என்று கூப்பிட்டவள் உலகத்திலேயே ஒருத்திதான், பக்கத்துத் தெரு இலக்கியா.

பிளஸ் டூ முடிந்த விடுமுறையில் இருவரும் புதுக்கோட்டைக்கு டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போனார்கள். இலக்கியாவின் அம்மா சொர்ணவல்லிக்கு உலகத்தில் ஒரே பயம், பஸ்ஸில் வரும் பயல்கள். அதனால் தினமும் காலையில் மகளை எழிலரசனிடம் ஒப்படைப்பார்.

"ஆத்தா, நீ பக்கத்துலயே உக்காந்துக்க. எந்தப் பயலும் கிட்ட வந்துரக் கூடாது."

"நான் இருக்கேன்ல அத்தை. ஒருத்தனையும் விட மாட்டேன்."

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. பஸ்ஸின் முன்பக்கம், பெண்கள் சீட்டில், ஜன்னலோரம் இலக்கியா, பக்கத்தில் அவன். ஒரே இயர்போனில் ஆளுக்கொரு காது. மடியில் வைத்த பைக்கு அடியில் கோத்த விரல்கள். "அக்கா தங்கச்சி மாதிரி என்னா ஒத்துமை!" என்று கூட வந்த பெண்கள் மெச்சினார்கள். ஊரே பார்த்து வாழ்த்திய காதல் இந்த மாவட்டத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

அந்த மெச்சலில் அவனுக்குப் பாதிதான் சந்தோஷம். தன்னைப் பையன் என்று யாரும் நினைக்காதவரைதான் இந்த சீட். நினைத்துவிட்டால் இவள் பக்கத்தில் உட்கார முடியாது. எது வேண்டும் என்று தன்னையே கேட்டுக்கொள்வான். பதில் வருவதற்குள் பஸ் ஸ்டாண்டு வந்துவிடும்.

அப்போதுதான் பெரியப்பா மகன் கண்ணனுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை துபாயிலிருந்து வந்து இறங்குவதற்குள் பேனர் எழும்பியாக வேண்டும். பேனரில் யாரும் எதுவும் ஆகலாம் என்பது ஊர் வழக்கம். பத்தாவது தாண்டாத சித்தப்பா அதில் 'கல்வித் தந்தை'. ஆட்டுக்கே பயப்படும் அவர் மகன் ரகுநாத் சிங்கத்தின் தோளில் கைபோட்டு நிற்பான். ஊர் படித்துவிட்டுத் தலையாட்டும், ஒருவரும் சந்தேகம் கேட்க மாட்டார்கள்.

'போட்டோவையும் பேரையும் நேரா பேனர் கடை நம்பருக்கு அனுப்பிருங்க' என்று ரகுநாத் வாட்ஸ்அப்பில் அறிவித்தான். எழிலரசன் அதைப் பஸ்ஸில் இலக்கியாவிடம் காட்டினான்.

"அனுப்பட்டுமா?"

"அனுப்பு. ஒங்க சித்தப்பாவே கல்வித் தந்தையா நிக்கிறாரு. நீ நீயா நிக்கக் கூடாதா?"

"ஒங்கம்மா பாத்தா இந்த சீட்டு போயிரும்."

அவள் போனை அவன் கையிலேயே திணித்தாள். "போகட்டும். எத்தன நாளைக்கு எழில், நம்மள அக்கா தங்கச்சிங்கிறதக் கேட்டுக்கிட்டே உக்காந்திருக்கிறது?"

அனுப்பினான். கடைக்காரருக்கு ஊரும் தெரியாது, உறவும் தெரியாது. வந்த படத்தை 'மாப்பிள்ளைத் தோழர்கள்' வரிசையில் வைத்தார். எல்லோருக்கும் போல ஒரு கறுப்புக் கண்ணாடி மாட்டி, இலவசமாக ஒரு பட்டமும் கொடுத்தார்: வல்லத்திராக்கோட்டை வேங்கை எழிலரசன்.

பஸ் ஸ்டாப்பில் பேனர் எழுந்தது. அப்பா அழகுமலை அண்ணாந்து பார்த்தார். "யார்றா இவன்? நம்ம சாடையா இருக்கான்?" விஷயம் புரிந்ததும் கத்தினார். "கிழிங்கடா அத!"

பெரியப்பா கண்ணுசாமி பாய்ந்து வந்து கையைப் பிடித்தார். "ஏய், மாப்பிள்ள படம் போட்ட பேனருடா! தாலி கட்டுறதுக்கு முன்னாடி கிழிச்சா வெளங்குமா?"

இப்படியாகச் சகுனம் எழிலரசனைக் காப்பாற்றியது. அப்பா அவனோடு பேசவில்லை. ஆனாலும் பேனரைக் கடக்கும்போதெல்லாம் வண்டியை மெதுவாக்கினார்.

மறுநாள் காலை சொர்ணவல்லி வாசலிலேயே மறித்தார். அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்தா பாரு தம்பி, வயசுப் பையன்கூடல்லாம் எம்புள்ளய அனுப்ப முடியாது. நீ பின்னால ஆம்பளைங்க பக்கம் ஏறிக்க. தொணைக்கு நானே போறேன்."

தம்பி! பெரியவர்கள் வாயிலிருந்து வந்த முதல் தம்பி. அழுவதா, அவருக்கு மாலை போடுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை. "சரிங்க அத்தை" என்று சொல்லிவிட்டுப் பின்படியில் ஏறினான்.

"என்ன, இங்கிட்டு ஏறிட்ட?" என்றார் கண்டக்டர்.

"ஆம்பள டிக்கெட்டு குடுங்கண்ணே."

"லேடீஸ் ஓசி டிக்கெட்ட விட்டுப்புட்டுக் காசு குடுக்குறேங்குற. ஒனக்கு என்னமோ ஆயிருச்சு."

பஸ்ஸில் நல்ல கூட்டம். நிற்கிறவர்கள் பையை உட்கார்ந்திருப்பவர்களிடம் கொடுப்பது எல்லா நாளும் நடப்பதுதான். பின்பக்க மடிகள் நிறைந்திருந்ததால் அவன் பை கைமாறிக் கைமாறி முன்னால் போனது. இலக்கியா அடையாளம் தெரிந்து கையை நீட்டினாள். சொர்ணவல்லிக்கும் தெரிந்துவிட்டது.

"எடு கைய! ஆம்பளப் புள்ள பைய நீ எதுக்கு மடியில வைக்கிற?"

வெடுக்கென்று வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். புதுக்கோட்டை வரும்வரை விழாமல் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார்.

இலக்கியா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அவள் ஒரு காதில் இயர்போன் இருந்தது. மற்றது தோளில் சும்மா தொங்கியது.