புளி போட்டுத் தேய்த்த காசு

சிவப்பு வெல்வெட் துணி விரித்த மேசையில் அந்தச் செப்புக்காசு பளபளவென்று கிடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. செங்கல்பட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாணயக் கண்காட்சி. வெள்ளிக்கிழமை விளக்கிய குத்துவிளக்கு மாதிரி மின்னியது காசு. அண்ணி அதைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னா பாப்பா இது, நம்ம காசா?" என்று மெதுவாகக் கேட்டார். நம்ம காசுதான். கண்காட்சிக்கென்று கொடுத்தபோது கறுப்பும் பச்சையுமாக, மூன்று எழுத்துகளைத் தன் மேல் வைத்துக்கொண்டிருந்த காசு. இப்போது எழுத்தும் இல்லை, கறுப்பும் இல்லை.

அண்ணி என் மூத்த அண்ணனின் மனைவி. பிறந்தது கடப்பாக்கம். அவருடைய அப்பா அம்மா காலம் முழுக்க அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அண்ணி படித்து அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஆனார். புயல் ஓய்ந்த மறுநாள் கடல் மணலை அரித்துக்கொண்டு போயிருக்கும். அப்போது இடிந்த கோட்டைப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டே நடப்பது அவருக்குச் சின்ன வயதுப் பழக்கம். கல்யாணமாகி, பிள்ளைகள் வளர்ந்த பிறகும் அது விடவில்லை. சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தேய்ந்த செப்புக்காசுகள் கிடைக்கும். அவற்றைப் பஞ்சு வைத்து மாத்திரை டப்பாக்களில் போட்டு வைப்பார். ஒன்றைக்கூட விற்றதில்லை. "எங்க தாத்தன் கையில இதெல்லாம் தங்கி இருந்தா காணி நெலம் வாங்கியிருப்பாரு. அவருகிட்ட தங்கல. எங்கிட்டயாவது தங்கட்டும்" என்பார். எழுத்து தெரிந்தது அந்த ஒரு காசில் மட்டும்தான். நாணயச் சங்கம் கொண்டுவரவிருந்த புத்தகத்தில் அதன் படம் வரவேண்டும், கண்டெடுத்தவர் என்று கீழே தன் பெயர் இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். இதற்கு மேல் அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

சங்கத் தலைவர் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். மென்மையாகப் பேசுவார். ஃபோனில் எடுத்த படத்தைக் காட்டினோம். "ஒண்ணும் தெரியலயேம்மா, நல்ல படமா எடுத்துட்டு வாங்க" என்றார். அது நியாயமான பேச்சுதான், அதுவரைக்கும் எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. ஃபோனைக் கிட்டே கொண்டுபோனால் அதன் நிழலே காசின்மேல் விழுந்தது. என் கேமராவோடு வந்த லென்ஸோ அவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகவே மறுத்தது. தூரத்திலிருந்து எடுத்துப் பெரிதாக்கினால் எழுத்து சாம்பாரில் கரைந்த பருப்பு மாதிரி ஆகிவிடும். சின்னப் பொருளைக் கிட்டத்தில் வைத்துப் பெரிதாக எடுக்கும் மேக்ரோ லென்ஸ் ஒன்று வாங்குவது என்று முடிவு செய்தேன்.

கடைக்காரர் முதலில் அறுபது மில்லிமீட்டர் லென்ஸைத்தான் நீட்டினார். காசை அதன் முழு அளவில் கேமராவுக்குள் இருக்கும் சென்சாரில் விழவைக்க அதுவும் போதும்தான். ஆனால் லென்ஸின் மூக்கு காசை முட்டுகிற மாதிரி நெருங்கவேண்டும், அப்புறம் வெளிச்சம் எந்த வழியாக உள்ளே வரும்? நூறு மில்லிமீட்டர் என்றால் அதே அளவுப் படத்தைச் சற்றுத் தள்ளி நின்று எடுக்கலாம், பக்கவாட்டில் விளக்கு வைக்க இடம் கிடைக்கும். பழைய காசுக்கு அந்தப் பக்கவாட்டு வெளிச்சம்தான் உயிர். நேராக மேலிருந்து விளக்கடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும். தாழ்வாகச் சரித்து அடித்தால் மேடு மேடாகவும் பள்ளம் பள்ளமாகவும் எழும். வாங்கிய பிறகும் ஒரு வாரம் படாத பாடு பட்டேன். காசு மயிரிழை சாய்ந்திருந்தால்கூட ஒரு பாதி தெளிவாகவும் மறுபாதி புகையாகவும் வரும். கேமராவை ஸ்டாண்டில் கவிழ்த்து மாட்டி, ஷட்டரைத் தொட்ட அதிர்வு அடங்கட்டும் என்று டைமர் வைத்து, விளக்குக்கு முன்னால் பட்டர் பேப்பர் ஒட்டி, கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று எழுத்தும் திரையில் எழுந்து நின்றன. காசின் விளிம்பில் எலி கொறித்தது போல ஒரு சின்ன உடைவும் தெரிந்தது. அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இத்தினி நாளா இது எங்கூட்டு டப்பாவுல பேசாம கெடந்துகினு இருந்திச்சு பாரேன்" என்றார்.

படத்தைப் பார்த்த தலைவர் மகிழ்ந்து போனார். கண்காட்சியில் வைக்கலாம் என்று காசை வாங்கிக்கொண்டார். அவரிடம் இருந்தவை எல்லாம் டப்பாவில் அடைத்து வரும் புத்தம்புது நினைவு நாணயங்கள். காசு என்றால் மின்னவேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரிந்த நாணயவியல். கண்காட்சிக்கு முதல் நாள் உட்கார்ந்து புளியும் செங்கல்தூளும் போட்டு, பித்தளைச் செம்பு தேய்ப்பது போல அவரே தேய்த்திருக்கிறார். இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. "நானே கைப்பட விளக்கினேன், எப்படி ஜொலிக்குது பாருங்க" என்று எங்களைப் பார்த்ததும் பெருமையாகச் சொன்னார். அந்தக் கறுப்புப் படலத்தில்தான் எழுத்தின் மிச்சம் இருந்தது என்று எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். இரவல் வாங்கிய பொருளை உடையவரைக் கேட்காமல் தேய்க்கலாமா என்ற சாதாரண மரியாதைகூடத் தோன்றவில்லை.

அதையும் பொறுத்திருப்பேன். தெரியாமல் செய்த தப்பு. அடுத்து நடந்ததைத்தான் பொறுக்கமுடியவில்லை. சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு விருந்தினர் சுவரில் மாட்டியிருந்த, நான் எடுத்த காசுப் படத்தையும் மேசையில் கிடந்த காசையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "படத்துல எழுத்து இருக்கு, காசுல இல்லையே?" என்று கேட்டார். தேய்த்துவிட்டேன் என்று தலைவர் சொல்லியிருக்கலாம். எங்களை வைத்துக்கொண்டே, அதே மென்மையான குரலில், "இந்தக் காலத்துல கம்ப்யூட்டர்ல எதை வேணும்னாலும் எழுதலாம் சார். கடற்கரை ஜனங்க, மகாபலிபுரத்துக் கடையில போலிக் காசு வாங்கி மண்ணுல கிடைச்சதுன்னு கொண்டு வருவாங்க. நாமதான் ஜாக்கிரதையா இருக்கணும்" என்றார். மண்டபத்தில் இருந்தவர்கள் திரும்பி அண்ணியைப் பார்த்தார்கள். இருபது வருஷம் நோயாளிகளின் நகைகளைக் கழற்றிப் பத்திரமாக எடுத்துவைத்துத் திருப்பிக் கொடுத்த கை அது. அந்தக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அண்ணி வெளியே நடந்தார்.

காசை வாங்கிவந்து அதே விளக்கு, அதே சரிவு, அதே லென்ஸில் மறுபடி எடுத்தேன். எழுத்து போயிருந்தது. விளிம்பில் எலி கொறித்த இடம் போகவில்லை. எத்தனை புளி போட்டாலும் அது போகாது. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குழந்தைகூடச் சொல்லும், ஒரே காசு என்று. அதைச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டினேன். யாரும் மறுக்கவில்லை. தலைவரும் மறுக்கவில்லை. "சரிம்மா, ஒரே காசுதான். எழுத்து போயிடுச்சே, இனிமே புத்தகத்துல போட முடியாது. வேற நல்லதா கிடைச்சா கொண்டு வாங்க" என்றார். அண்ணி எழுந்து, "புஸ்தகம் வேணாம் சார். நான் பொய் சொல்லலன்னு இவங்க எதிர்க்க ஒரு வார்த்த சொல்லிடுங்க, போதும்" என்றார். தலைவர் சிரித்தபடி, "டீ சாப்பிட்டுட்டுப் போங்கம்மா" என்றார்.

இதெல்லாம் நடந்து சில வருஷங்கள் ஆகின்றன. போன மாதம் சங்கத்திலிருந்து ஃபோன். தலைவருக்கு எண்பது வயது நிறைகிறதாம், சிறப்பு மலர் போடுகிறார்களாம், அவருடைய நாணயங்களை என்னிடமுள்ள லென்ஸில் எடுத்துத் தரவேண்டுமாம். கூலி எவ்வளவு என்று கேட்டார்கள். பணம் வேண்டாம், அந்த ஒரு வார்த்தையை அதே மண்டபத்தில் தலைவர் என் அண்ணியிடம் சொல்லட்டும், சொன்னால் அத்தனையும் எடுத்துத் தருகிறேன் என்றேன். ஃபோன் கைமாறியது. தலைவரே பேசினார். குரல் மாறவே இல்லை.

"எந்த அம்மாவைச் சொல்றீங்க?" என்று கேட்டார்.

நடிக்கவில்லை. மனுஷருக்கு நிஜமாகவே நினைவில்லை. நான் நினைவுபடுத்தவும் இல்லை, ஃபோனை வைத்துவிட்டேன். அண்ணிக்கு மட்டும், அன்று திரும்பிப் பார்த்தவர்களில் யார் யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதுவரை ஞாபகம் இருக்கிறது.