பெயரில்லாத பட்டன்கள்

சித்தி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவாள். பார்வை குறைந்தவர்களுக்காகத் திரையில் உள்ளதை வாய்விட்டு வாசிக்கும் மென்பொருளைக் கணினியில் ஏற்றி, அதைப் பழக்கிவிட்டு வருவது அவள் வேலை.

"உங்க சித்தி போற இடத்துல கம்ப்யூட்டர்கூடப் பேசுது. வீட்ல நான் பேசினாத்தான் அவ காதுல விழாது," என்பார் சித்தப்பா.

வெளியூர்களில் வருடக்கணக்காகச் சுற்றிவிட்டு வந்த எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அவளோடு போக ஆரம்பித்தேன்.

அந்த மருந்துக் கிடங்கில் சரக்குக் கணக்கு பார்ப்பவருக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. புது ஏற்பாட்டில் வேலை ஓடினால் இருக்கலாம், இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். மாதக் கடைசியில் முதலாளியே வந்து பார்ப்பதாக இருந்தது.

மென்பொருள் கடிதங்களை அழகாக வாசித்தது. கணக்குத் திரையைத் திறந்ததும் "பட்டன், பட்டன், பட்டன்" என்றது. அந்தத் திரையைச் செய்தவர்கள் பட்டன்களுக்குப் படம் மட்டும் வைத்திருந்தார்கள். வாசிக்கப் பெயர் இல்லை.

"செஞ்சவங்ககிட்ட சொல்லி பேர் வைக்கச் சொல்லுங்க சார். பெரிய வேலை இல்ல," என்றாள் சித்தி.

"பாக்கலாம் மேடம்," என்றார் மேலாளர். போகும்போதெல்லாம் அதையே சொன்னார்.

முதலாளி வரும் நாள் நெருங்கியதும் சித்தி குறுக்கு வழியில் இறங்கினாள்.

"எண்ணிக்கோங்கண்ணே. நாலாவது பட்டன் சேமிக்க. அஞ்சாவது அழிக்க, அந்தப் பக்கமே போகாதீங்க. 'சரியா'ன்னு கேட்டா ஆமாம் போடுங்க."

"பொண்டாட்டி கோவத்தையே எண்ணி வெச்சிருக்கேன். இது என்னம்மா," என்றார் அவர்.

மேசை விளிம்பில் விரலால் தட்டித் தட்டி எண்ணப் பழகினார். முதலாளி முன்னால் ஒரு பிசகும் இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள். சித்தி மட்டும் தட்டவில்லை.

மழைக்காலத்தில் அந்தக் கணக்குத் திரையைப் புதுப்பித்தார்கள். பட்டன்கள் இடம் மாறின. அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவர் வழக்கம்போல் எண்ணி நாலாவதை அழுத்தினார். 'சரியா' என்றது, ஆமாம் போட்டார். அன்று பதிந்தது ஒன்றும் மிஞ்சவில்லை.

செய்தி கேட்டுச் சித்தி ஓடினாள். "தப்பு என்னோடது சார். எண்ணச் சொன்னதே நான்தான்."

"தங்கமான மனுஷன்தான் மேடம். ஆனா மருந்து விஷயம் பாருங்க," என்றார் மேலாளர், கண்ணைப் பார்க்காமல்.

கணக்குக்காரர் சாப்பாட்டு டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். "விடும்மா. நான் சரியாத்தான் எண்ணினேன்," என்றார். சித்தி அவர் கையைப் பிடித்து வாசல்வரை கூட்டிப்போனாள். அதுவரை அவர் யார் கையையும் பிடித்து நடந்ததில்லை.

கொஞ்ச நாளில் கிடங்கிலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். அவர் நாற்காலியில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

"எதத் தொட்டாலும் பட்டன் பட்டன்னு உயிர வாங்குது மேடம். இத எடுத்துடுங்களேன்."

சித்தி குனிந்து மென்பொருளை நீக்கினாள். எழுந்திருக்கும் முன் கேட்டாள்: "பட்டனுக்கெல்லாம் பேர் வெச்சாங்களா?"

"எதுக்கு மேடம்? அதான் படம் தெரியுதே," என்றாள் அந்தப் பெண்.