வெள்ளை முனை

ஜெர்மனியில், வுப்பர்டால் நகருக்கு வெளியே ஒரு துப்பாக்கிக் கடை. என்னை அழைத்து வந்த சாந்தி அக்கா வேட்டை உரிமம் உள்ளவர். கார் மோதித் துடிக்கும் மானைச் சுட்டு வேதனை தீர்க்க போலீசார் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். அவருடைய பழைய ரிவால்வரின் குறிபார்க்கும் முனை அந்தியில் தெரிவதில்லை. அதை மாற்றாவிட்டால் இனிக் கூப்பிடமாட்டார்களாம். வெள்ளை முனை பொருத்தித் தரக் கேட்கிறார்.

கடைக்காரர் புதிய பிஸ்டலை நீட்டுகிறார். "ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் துப்பாக்கியின் பின்னாலுள்ள சுத்தியலை இழுக்க வேண்டாம். பதினைந்து குண்டு போடலாம்."

அக்கா என்னிடம் திரும்புகிறார். "எனக்கு ஒண்டு காணும். பதினைஞ்சு தேவைப்படுறவர் காட்டுப் பக்கம் போகாமல் கடையிலயே நிக்கட்டும்."

பிறகு அதையே ஜெர்மனில், நிறுத்தி நிதானமாக, கடைக்காரரிடமும் சொல்கிறார்.

பிஸ்டல் அலமாரிக்குத் திரும்புகிறது. கடைக்காரர் ரிவால்வரின் பழைய முனையைத் தேய்த்தெடுக்க அரத்தைத் தேடுகிறார்.