டிபன் கேரியரின் அடி அடுக்கு

1992 ஜூலை 14, செவ்வாய், மாலை ஐந்தே கால். மலையில் மேகம், ராஜபாளையத்தில் ஒரு சொட்டு மழை இல்லை, வெறும் புழுதிக் காற்று. அந்நேரத்தில்தான் என் மனைவியின் கண்ணாடியைத் திருடினேன். ஆம், நான்தான்!

முதியோர் வகுப்புக்குக் கிளம்பியவள் வீடெல்லாம் தேடினாள். நானும் கூடவே தேடினேன்... எவ்வளவு கீழ்மை, பாருங்கள்!

மில்லுக்கு நான் சோறு கொண்டுபோன டிபன் கேரியரின் அடி அடுக்கில் அது கிடந்தது. ஓய்வு பெற்றபின் பரணில் நானே ஏற்றிவைத்தது. நான் வைத்ததை என்னைத் தவிர யாரும் தொடக் கூடாது. அது என் வீட்டுச் சட்டம்.

ஏன் செய்தேன்? அவளுக்குப் படிப்பு ஏறவில்லை என்றா? ஏறியதுதான் தொல்லை! ஐம்பத்தெட்டு வயதில், ஆறே வாரத்தில் எழுத்துக்கூட்டி... முப்பத்தேழு வருடமாக நான் வாசித்துச் சொன்ன பேப்பரை எனக்கு முன்னால் விரித்து உட்கார்ந்தாள். மில்தான் அனுப்பிவிட்டது, வீட்டில் ஒருத்திக்காவது நான் வேண்டாமா?

அவளுக்கு வேண்டியதோ பஸ் போர்டு. மகள் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். ஒருமுறை, எந்த பஸ் என்று கேட்டதற்கு ஒரு கண்டக்டர், "போர்டு என்ன அழகுக்கா தொங்குது ஆச்சி?" என்றானாம். அன்றிலிருந்து யாரிடமும் கேட்பதில்லை என்று வீம்பு!

"ரெண்டு மாசம் பொறுங்க. பொறவு நானே மக வீட்டுக்குப் போயிட்டு வாரேன்" என்பாள்.

கண்ணாடி போனது, வகுப்பும் நின்றது.

மூன்று வருடம் கழித்துப் பேத்திக்குக் காது குத்து. நான் காய்ச்சலில் கிடந்தேன். படித்த எழுத்தும் மறந்துபோன வீம்புக்காரி தனியே போய், ஆலங்குளம் பஸ்ஸில் ஏறிவிட்டாள்! கூட்டத்தில் கண்டக்டர் டிக்கெட் கேட்டு வருவதற்குள் பாதி வழி. நடுக்காட்டில் இறக்கிவிட்டானாம். வீடு திரும்பியபோது விளக்கு வைத்தாயிற்று. பேத்திக்கு வாங்கிய வளையல் பொட்டலம் கையில் அப்படியே...

மறுவாரம் அவளுடைய பழைய கண் சீட்டைக் காட்டிப் புதுக் கண்ணாடி வாங்கிவந்து நீட்டினேன்.

"எதுக்கு இந்தத் தண்டச் செலவு? பழசு கேரியர்ல நல்லாத்தான இருக்கு."

"எப்போ... எப்போ பாத்த?"

"தொலைஞ்ச வருசத் தீபாவளிக்கே. பரணத் தூத்துப் பெருக்கையில."

"எடுத்துப் போட்டுக்கிட வேண்டியதுதானே!" கத்திவிட்டேன்.

"நீங்க வச்ச சாமானை நான் என்னைக்கு எடுத்திருக்கேன்?"

"சரி, இப்பவாவது வகுப்புக்குப் போயேன்!"

"எங்க போக? அதை மூடி எம்புட்டு நாளாச்சு!"

இன்றும் பேப்பரை நான்தான் வாசிக்கிறேன். தலையாட்டுகிறாள். கேட்கிறாளா? தெரியவில்லை! புதுக் கண்ணாடியை அவளே கொண்டுபோய் அந்த அடி அடுக்கில் போட்டுவிட்டாள். உறையோடு நூற்று எழுபத்தைந்து ரூபாய்.